வயல் தரும் வாயுவும் வயலுக்குத் திரும்ப வேண்டிய சத்தும்

மீத்தேன் என்று சொன்ன மாத்திரத்தில் காவிரிப் படுகையின் விவசாயி முகம் சுளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்தின் ஆழத்திலுள்ள நிலக்கரிப் படிவங்களிலிருந்து அந்த வாயுவை எடுப்பதற்கு வகுக்கப்பட்ட திட்டம், முதலில் பூமிக்கடியிலுள்ள நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி நடவாதது என்பதை அறிந்தபோது, அந்த நீரையே நம்பித் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வந்த மக்கள் அதை எதிர்த்து எழுந்தனர். இயற்கை வேளாண்மையின் பெரும் பிரசாரகரான நம்மாழ்வார், அந்த எதிர்ப்பைக் கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிக்கொண்டிருந்த வேளையில்தான், 2013 டிசம்பர் 30ஆம் நாள், பட்டுக்கோட்டைக்கு அருகே காலமானார். 2017இல் நெடுவாசலில் வாயு எடுப்பதை எதிர்த்து மூண்ட கிளர்ச்சியும், 2020இல் படுகைப் பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டசபை இயற்றிய சட்டமும் அந்தப் போராட்டத்தின் வழியில் வந்தவையே.

ஆனால், எந்த வாயுவை நிலத்தைத் துளைத்து எடுக்கக் கூடாது என்று அம்மக்கள் உறுதியாக நின்றார்களோ, அதே வாயுவை நிலத்தைத் துளைக்காமல், வயலும் தொழுவமும் ஆண்டுதோறும் கழித்து ஒதுக்கும் பொருள்களிலிருந்தே, வற்றாது உற்பத்தி செய்து கொள்ளலாம் என்பதும் விஞ்ஞானம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்த உண்மை. இன்று மத்திய சர்க்காரும் எண்ணெய் நிறுவனங்களும் இந்த முயற்சியில் பெரும் பொருளைச் செலவிட முன்வந்திருக்கின்றன. இதை நான் மனமார வரவேற்கிறேன். எனினும், இந்த வரவேற்பு ஒரு நிபந்தனையோடு கூடியது: வயலிலிருந்து வாயு போகலாம்; ஆனால் அந்த வாயுவைத் தந்த பொருளிலிருந்த சத்துக்கள் யாவும் அதே வட்டாரத்து மண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். இந்த ஒன்று நிறைவேறினால் இதைப்போல விவசாயத்துக்கு நன்மை செய்யக்கூடிய தொழில் வேறொன்று இராது; நிறைவேறாவிட்டால், ஆழத்தைத் துளைத்து நிலத்தை வறளச் செய்வதற்கும் மேற்பரப்பைச் சுரண்டி அதை மலடாக்குவதற்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த நிபந்தனை வெறும் விருப்பமன்று என்பது, சாண எரிவாயு உண்டாகும் விதத்தைச் சற்றே ஆராய்ந்தால் விளங்கும். பிராணவாயு புகாதபடி மூடப்பட்ட கலனில் சாணத்தையோ தழையையோ கரைத்து விட்டால், பசுவின் இரைப்பையில் வாழ்பவற்றைப் போன்ற நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து, முதலில் அமிலங்களாகவும், பின்னர் வாயுவாகவும் மாற்றுகின்றன. அவ்வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு கந்தக வாயுவும் ஈரமும் உண்டு. எரிகின்ற மீத்தேனில் இருப்பவை கரியும் ஜலவாயுவும் மாத்திரமே. இவ்விரண்டும் பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்றுக் கொண்டவை. அடுத்த போகத்தில் சூரியனின் அருளால் மறுபடியும் பெறக்கூடியவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று உழவன் எதை மண்ணின் வளமென்று கருதுகிறானோ அவை ஏறக்குறைய முழுவதும் கலனின் மறுபக்கத்தில் வெளிவரும் செரித்த சாணத்திலேயே தங்கிவிடுகின்றன. அதாவது, ஆகாயத்துக்கு உரியது அடுப்புக்கும் பூமிக்கு உரியது பூமிக்கும் என்று இயற்கையே பங்கு பிரித்துத் தருகிறது. வறட்டியாகத் தட்டிச் சாணத்தை எரிக்கும்போது தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. எருக்குழியில் திறந்து கிடந்தால் வெயிலிலும் மழையிலும் அதில் ஒரு பங்கு வீணாகிறது. கலன் வழியே போகும் சாணம் ஒன்றே எரிபொருளாகவும் எருவாகவும் இரு முறை பயன்படுகிறது.

தஞ்சாவூரில் பிறந்து, அந்திம காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960இல் மறைந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை நம்பிய வாழ்க்கையையும், ஓடும் நீரைப்போல இயற்கை மேன்மேலும் தந்துகொண்டிருப்பதை நம்பிய வாழ்க்கையையும் வேறுபடுத்திக் காட்டி, முன்னது போட்டியையும் யுத்தத்தையும், பின்னது சமாதானத்தையும் வளர்க்கும் என்று போதித்தார். இந்தியா உபயோகிக்கும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதியும், வீட்டு அடுப்புக்கு வரும் சமையல் வாயுவில் பாதிக்கு மேலும் கப்பலில் வந்திறங்குகின்ற இக்காலத்தில், தூரதேசத்து யுத்தமொன்று நம் வீட்டுச் சிலிண்டரின் விலையை நிர்ணயிக்கின்ற நிலையில், அவருடைய போதனை புதிய வலிமை பெறுகிறது.

சாண எரிவாயு எடுப்பது நம் தேசத்துக்குப் புதிய வித்தையுமன்று. பம்பாய் மாதுங்காவிலிருந்த குஷ்டரோகிகள் விடுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்து உபயோகித்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்; டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தியது 1939இல். ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்புக் கொப்பரையோடு கூடிய கலனை உருவாக்கி அதற்குக் கிராமலக்ஷ்மி என்று பெயரிட்டது 1950களின் தொடக்கத்தில். அதைக் கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் ஏற்றுப் பரப்பியது. பின்னர் 1984இல் இரும்பே தேவையில்லாத, செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டக்கூடிய தீனபந்து என்னும் குவிமாடக் கலன் வந்தது. இவ்வாறாக நாடெங்கும் அரை நூற்றாண்டில் சுமார் 50 லட்சம் குடும்பக் கலன்கள் அமைக்கப்பட்டன.

அத்தகைய கலன் ஒன்று செவ்வையாக இயங்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். விடிந்ததும் தொழுவத்தைக் கூட்டி அள்ளிய சாணத்தில் நான்கைந்து கூடையைக் கலக்கும் தொட்டியில் கொட்டி, சம அளவு தண்ணீர் விட்டு, கையாலேயே கட்டி உடைத்துக் கரைத்து, அதில் கிடக்கும் கல்லையும் வைக்கோல் துரும்பையும் பொறுக்கி எறிந்துவிட்டு அடைப்பைத் திறந்தால், கரைசல் குழாய் வழியே கலனுக்குள் இறங்குகிறது. அதே அளவுக்கு மறுபுறத் தொட்டியில், உள்ளே நாற்பது நாளைப்போல் தங்கிச் செரித்த சாணம், நாற்றமின்றி, ஈ மொய்க்காமல், கருமையாக வழிகிறது. சமையலறையில் நீல நிறச் சுடர் சீராக எரிகிறது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதில்லை. ஊதுகுழலோடு போராடிக் கண் சிவந்து உட்காரும் துன்பம் அவ்வீட்டுப் பெண்களுக்கு இல்லை. இதற்கு வேண்டியது நாளொன்றுக்கு 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள். கிடைப்பது சுமார் இரண்டு கன மீட்டர் வாயு. ஒரு சராசரிக் குடும்பத்தின் சமையலுக்கு அது போதும்.

இவ்வளவு நல்ல சாதனம் பல கிராமங்களில் புல் முளைத்துக் கிடப்பதற்குக் காரணமும் வெளிப்படையானதே. உழவு மாடு போய் டிராக்டர் வந்தது. நான்கு மாடு கட்டியிருந்த தொழுவத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. கொப்பரை துருப்பிடித்தபோதோ குவிமாடத்தில் கீறல் விழுந்தபோதோ பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார் அருகில் கிடைக்கவில்லை. சிலிண்டரோ வாசலுக்கே வந்து சேர்ந்தது. மானியம் கட்டுவதற்குக் கிடைத்தது, பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை. தனி ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத அந்தப் பொறுப்பை ஊராகச் சேர்ந்து தாங்கலாம் என்பதுதான் அந்த அனுபவம் புகட்டும் பாடம்.

இப்போது அந்தப் பழைய வித்தை பெரிய உருவில் திரும்பியிருக்கிறது. வாயுவிலுள்ள கரியமில வாயுவையும் கந்தகத்தையும் பிரித்து நீக்கி, மீத்தேனை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயர்த்தி, அழுத்தி உருளைகளில் அடைத்தால், அது வாகனங்களை ஓட்டுவதற்கும் நகரத்து எரிவாயுக் குழாய்களில் கலப்பதற்கும் தகுதி பெறுகிறது. 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘சதத்’ திட்டம் இத்தகைய ஆலைகள் 5,000 அமைத்து ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் வாயு உற்பத்தி செய்வதை லட்சியமாகக் கொண்டது. குறித்த காலத்தில் நிறைவேறியது அதில் மிகச் சிறிய பகுதியே. இப்பொழுது, நகர எரிவாயு நிறுவனங்கள் தாம் விற்கும் வாயுவில் 2025-26இல் நூற்றுக்கு ஒரு பங்கும், படிப்படியாக உயர்ந்து 2028-29 முதல் ஐந்து பங்கும் இதைக் கலந்தே தீர வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. வாங்குவோர் நிச்சயப்பட்டுவிட்டபடியால் ஆலைகள் இனிப் பெருகும் என்பதில் சந்தேகமில்லை. பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் 2022இல் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 300 டன் வரை நெல் வைக்கோலை உட்கொண்டு 33 டன் வாயு தரும்படி அமைக்கப்பட்டது. அறுவடை முடிந்து கோதுமை விதைக்க இடையில் மூன்று வாரமே இருக்கின்ற அந்தப் பிரதேசத்தில், வேறு வழியின்றி வைக்கோலைக் கொளுத்தி டில்லி வரையில் வானத்தை இருட்டாக்கிய அவலத்துக்கு இது தக்க பரிகாரமே.

ஆயினும், பஞ்சாபுக்குப் பரிகாரமாவது தஞ்சைக்கும் பரிகாரமாகிவிடும் என்று எண்ணுவது தவறு. தமிழ்நாட்டில் வைக்கோல் கழிவன்று. கறவை மாட்டின் உணவு. சம்பா அறுவடைக்குப் பின் இயந்திரம் உருட்டிக் கட்டிய கட்டுகள் லாரி லாரியாகக் கேரளம் வரையில் போவதைப் படுகையின் சாலைகளில் எவரும் காணலாம். அந்த வைக்கோலை ஆலைக்குத் திருப்பிவிட்டால், முதலில் விலை ஏறுவது மாட்டுத் தீவனத்துக்கு. அதனால் முதலில் மாட்டை விற்பவள், ஒரே பசுவின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றிக் குடும்பத்தைக் காக்கும் நிலமற்ற பெண். மேலும், வைக்கோலில் மணற்சத்தும் மரத்தன்மையும் மிகுதி. கரிச்சத்து தழைச்சத்தைப்போல் எழுபது எண்பது மடங்கு. கலனிலுள்ள நுண்ணுயிர்கள் விரும்புவது இருபதிலிருந்து முப்பது மடங்கே. சாணத்தில் அந்த விகிதம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. எனவே, வைக்கோலை மாடு தின்னட்டும்; மாடு இட்டதைக் கலன் செரிக்கட்டும்; கலன் கழித்ததை வயல் உண்ணட்டும் என்பதே நம் நாட்டுக்கு உகந்த வரிசை.

உண்மையான கழிவுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. தார் வெட்டியபின் கரையோரம் தள்ளி அழுக விடப்படும் வாழை மரங்கள். கரும்பு வெட்டியபின் கொளுத்தப்படும் சோகை. சர்க்கரை ஆலைகளில் சாற்றை வடிகட்டியபின் தேங்கும் கசடு. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து ஓடும் கழிவுநீரும் மரவள்ளித் திப்பியும். நாமக்கல் கோழிப் பண்ணைகளின் எரு. விலை வீழ்ந்த நாளில் சாலையோரம் கொட்டப்படும் தக்காளி. ஜவ்வரிசி ஆலைகள் சிலவற்றில் கழிவுநீரிலிருந்து எடுத்த வாயு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. குளிர் தேசத்து ஜெர்மானியன் கலனைச் சூடாக்கி வைப்பதற்குத் தான் உண்டாக்கிய வெப்பத்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறான். நமக்கோ அந்த வெப்பத்தை வெயிலே இனாமாகத் தருகிறது. 500 மாடுகள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, மாட்டுக்கு 10 கிலோ சாணமே கைக்குக் கிட்டுவதாகக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஐந்து டன். அதிலிருந்து 200 கன மீட்டர் வாயு. அது சமையல் சிலிண்டர் ஆறுக்குச் சமம். அதாவது ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் அந்த ஊரின் தொழுவங்களிலேயே உறங்குகின்றன.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வாயு லாபம் தரும் பொருளாகிவிட்டபின், கழிவு போதாமல் பயிரையே வாயுவுக்காக விளைவிக்கும் ஆசை எழுவது இயல்பு. ஜெர்மனி அந்த வழியில் சென்றது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஊக்குவிக்க 2000இல் இயற்றிய சட்டமும், பயிரிட்டு ஊட்டும் ஆலைகளுக்குச் சிறப்புச் சலுகை அளித்த 2004ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து, ஆலைகளை ஒன்பதாயிரத்துக்கு மேல் பெருக்கின. கூடவே எட்டொன்பது லட்சம் ஹெக்டேர் நிலம் வாயு ஆலைக்கென்றே மக்காச்சோளம் விளைவிக்கும் நிலமாயிற்று. பல வட்டாரங்களில் குத்தகை உயர்ந்து, மாடு வளர்க்கும் சிறு குடியானவன் நிலம் பிடிக்க முடியாமல் தவித்தான், புல்வெளிகள் உழப்பட்டன. முடிவில் 2012இல், புதிய ஆலைகளின் தீனியில் மக்காச்சோளமும் தானியமும் நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்படலாகாது என்று அந்நாடே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவில் அந்த மக்காச்சோளத்தின் ஸ்தானத்துக்கு இன்று சிபாரிசு செய்யப்படுவது நேப்பியர் புல். நம் கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலை உருவாக்கிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் 350 டன் அளவுக்குப் பசும்புல் தரக்கூடியது. அது கறவை மாட்டுக்குக் கிடைத்த வரப்பிரசாதம். ஆனால் அந்த விளைச்சலுக்கு இடைவிடாத நீரும் தாராளமான உரமும் வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று கர்நாடகத்து மழையைப் பார்த்துக் காத்திருக்கும் பிரதேசத்தில், நெல்லுக்கும் உளுந்துக்கும் உரிய நீரை வாயுவுக்குப் பாய்ச்சுவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

அடுத்து, செரித்த எருவின் விஷயம். பெரிய ஆலைகளைப் பற்றிய பேச்சில் வாயுவின் கணக்குக்கு இருக்கும் கௌரவம் எருவின் கணக்குக்கு இருப்பதில்லை. 300 டன் வைக்கோல் உள்ளே போய் 33 டன் வாயுவே வெளிவருகிறதென்றால், பிரித்து நீக்கும் கரியமில வாயு போக, மீதி எவ்வளவு என்பதை எவரும் ஊகிக்கலாம். அதை முப்பது கல் தொலைவிலுள்ள வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார், அந்த வண்டிச் சத்தத்தைக் கொடுப்பது யார் என்பவற்றுக்கு விடை இல்லாவிட்டால், ஊருக்கெல்லாம் வளமாக வேண்டியது ஆலையின் மதிலருகே அசுத்தமாகக் குவியும். மத்திய சர்க்கார் 2023இல் இத்தகைய எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் யூரியா மூட்டைக்கு நாம் தருகின்ற மானியத்தோடு ஒப்பிடும்போது, மண்ணுக்கு உயிர்ப்பொருளையும் சேர்த்துத் தருகின்ற இந்த எருவுக்கு இன்னும் உரிய மதிப்புக் கிட்டவில்லை. செரித்த சாணத்தில் தழைச்சத்து பயிர் உடனே ஏற்கும் வடிவில் இருப்பதால், அது வெயிலில் கிடந்தால் காற்றோடு போய்விடும். சேற்றுழவிலோ பாசன நீரோடோ உடனுக்குடன் மண்ணில் கலக்க வேண்டும். இதற்கு ஆலை வயலுக்குப் பக்கத்தில் இருப்பதே வழி. நூறு கிராமங்களுக்கு ஓர் ஆலை என்பதைவிட நான்கைந்து கிராமங்களுக்கு ஒரு கலன் என்பது மண்ணுக்கு உகந்தது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அக்கலன் யாருக்குச் சொந்தம் என்பது முடிவில் எல்லாவற்றையும் நிர்ணயிக்கும். டென்மார்க்கில் 1980களிலிருந்து விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து பொதுக் கலன்களை நிறுவினார்கள். சாணத்தை ஏற்றிச் சென்ற வண்டியே செரித்த எருவைப் பண்ணைக்குக் கொண்டுவந்தது. அவ்வழியில் வளர்ந்த அத்தேசத்தில் இன்று குழாய்களில் ஓடும் வாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு இத்தகையது. குஜராத்தில் பனாஸ்காந்தா மாவட்டத்துத் தாமா கிராமத்தில், பால் கூட்டுறவுச் சங்கமே நாளொன்றுக்கு 40 டன் சாணத்தைக் கிலோ ஒரு ரூபாய் கொடுத்து வாங்கி, வாயு எடுத்து வாகனங்களுக்கு விற்கிறது. ஆனந்த் மாவட்டத்து ஜக்காரியாபுராவில் வீட்டுக்கு வீடு சிறு கலன் வைத்து, செரித்த சாணத்தைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குகிறது. தமிழ்நாட்டில் ஆவினின் தொடக்கப் பால் சங்கங்கள் ஆயிரக்கணக்கான கிராமங்களில் காலையும் மாலையும் பாலை அளந்து, கணக்கெழுதி, பணம் பட்டுவாடா செய்துகொண்டிருக்கின்றன. பாலுக்கு இருக்கின்ற தராசும் ஏடும் சாணத்துக்கும் ஆகும். நிலமில்லாதவள் தன் மாட்டின் சாணத்துக்கு விலை பெறுவதோடு, வறட்டி தட்டி எரித்த அவளுடைய அடுப்புக்கு அந்த வாயுவில் முதல் உரிமையும் பெற வேண்டும்; இல்லையேல் ஏழையின் எரிபொருளை நகரத்து மோட்டாருக்கு மாற்றிய பாவம் நம்மைச் சேரும்.

மீத்தேன் எரிந்தால் நன்மை, கசிந்தால் தீமை என்பதை ஆட்சேபிப்போர் சுட்டிக்காட்டுவது சரியே. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. திறந்த தொட்டியும் கீறல் விழுந்த குவிமாடமும் பெற்ற நன்மையை அழித்துவிடும். ஆகவே கலன் கட்டுவதற்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஆண்டுதோறும் கசிவைச் சோதித்தபின் தவணையாகக் கொடுப்பதும், கிராமத்து இளைஞர்களுக்குப் பழுது பார்க்கும் பயிற்சி அளித்து நிலையான ஊதியம் தருவதும் திட்டத்தோடு பிரிக்க முடியாத அங்கங்களாக வேண்டும். ஆட்சேபம் திட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணமன்று. அதைச் செம்மையாகச் செய்வதற்குக் காரணம்.

சென்னை சர்க்காருக்கு நான் வைக்கும் விண்ணப்பம் இதுவே: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டத்தால் அறிவித்த படுகைப் பிரதேசத்திலேயே, பால் சங்கங்களைக் கொண்டு முதல் கலன்களைத் தொடங்குக. உணவும் தீவனமும் விளையும் நஞ்சையில் வாயுப் பயிருக்கு இடமில்லை என்று விதி செய்க. எந்த ஆலைக்கு அனுமதி அளித்தாலும், அது உட்கொண்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எவ்வளவு, அதில் எவ்வளவு எந்தெந்த ஊர் வயலுக்குத் திரும்பியது என்ற கணக்கை ஆண்டுதோறும் கிராமசபையில் படிக்கும்படி கட்டாயப்படுத்துக. அந்தக் கணக்கு நேராக இருக்கும் வரையில், தன் வயலின் வாயுவைக் கொடுப்பதற்குப் படுகையின் விவசாயி தயங்க வேண்டியதில்லை. அது தவறுமானால், மன்னார்குடியிலும் நெடுவாசலிலும் அவன் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்பதற்கு அவனுக்குப் பூரண உரிமை உண்டு.